வாடை மாறினால் கவனியுங்கள்: மின்கலங்களின் நாற்றமும் கடற்கரை வீடுகள் செய்ய வேண்டியதும்

வாடை என்ற சொல்லுக்கு ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டு பொருள் உண்டு. ஐப்பசி தொடங்கி வடகிழக்கிலிருந்து வீசும் காற்றும் வாடை. மூக்கில் ஏறும் நாற்றமும் வாடை. இரண்டும் ஒன்றாகச் சேர்கிற மாதங்களில்தான், மண்டபம் என்ற ஊரில் நான் நடத்தும் சிறிய பழுதுபார்ப்புக் கடைக்கு மின்கலக் கோளாறுகள் மிகவும் தாமதமாக வந்து சேர்கின்றன. காற்று திரும்பியதும் பாக் நீரிணைப் பக்கக் கரையில் கடற்புல் குவியல் குவியலாக ஒதுங்கி அழுகத் தொடங்குகிறது. அந்த அழுகலில் எழுகின்ற, கெட்டுப்போன முட்டையைப் போன்ற நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. வீட்டு இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிச் சூடாகும்போது வெளிவருவதும் அதே வாயுதான். கரை நாறுகிறது என்று எண்ணிக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொள்கிற வீட்டில், நாற்றத்தின் மூலம் வீட்டுக்குள்ளேயே இருந்தால், செய்யக்கூடாத காரியத்தையே அந்த வீட்டார் செய்துவிடுகிறார்கள்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தக் குழப்பம்தான். மின்கலத்தின் கோளாறைக் காட்ட விளக்கு எரியலாம், கைப்பேசி எச்சரிக்கை காட்டலாம், உறை உப்பலாம். ஆனால் பல நேரங்களில் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வருவது வாடை. கருவாடும் டீசலும் பாசியும் நாள் முழுதும் மணக்கிற ஊரில் வாழும் நமக்கு, அந்த முதல் அறிகுறியைத் தவறவிடும் வாய்ப்பு மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகம். ஆகவே எந்த வாடை எதைக் குறிக்கிறது, அதை உணர்ந்தவுடன் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை நம்முடைய வீடுகளையும் படகுகளையும் மனத்தில் வைத்து விளக்குகிறேன்.

வாடை வரும் இடத்தைக் கண்டறிதல்

மூக்கு ஒரு வாடைக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். எனவே வீட்டுக்குள் நெடுநேரம் இருந்தவர் சொல்வதைவிட, வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்தவர் சொல்வது நம்பத் தகுந்தது. சந்தேகம் எழுந்தவுடன் வீட்டைவிட்டு வெளியே வந்து, காற்று வரும் திசையைப் பார்த்து பத்து நிமிடம் நின்றுவிட்டு மீண்டும் வாசலுக்கு வாருங்கள். வெளியே நிற்கும்போது நாற்றம் கூடுதலாகவும், வாசலைத் தாண்டியதும் குறைவாகவும் இருந்தால் அது கரையிலிருந்து வருகிறது. வெளியே ஒன்றுமில்லாமல், வாசலைத் தாண்டியதும் மூக்கில் ஏறினால் அது வீட்டுக்குள் பிறக்கிறது. காற்று மேற்கிலிருந்து வீசும் கச்சானாக மாறிய நாளிலும் அதே நாற்றம் நீடித்தால் ஐயத்துக்கு இடமே இல்லை.

வீட்டுக்குள்தான் என்று தெரிந்தபின் ஒவ்வொரு கருவியையும் எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லித்தியம் மின்கலத்திலிருந்து கசியும் ஆவி மூக்கையும் நுரையீரலையும் புண்ணாக்கக்கூடியது; ஈய அமில பேட்டரியின் வாயுவும் அப்படியே. கருவியிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்று, கையால் காற்றை உங்கள் பக்கம் மெல்ல விசிறினால் போதும். சூட்டை அறிய வேண்டுமானால் புறங்கையை ஒரு சாண் தூரத்தில் காட்டுங்கள். அந்தத் தூரத்திலேயே அனல் தெரிந்தால் தொடாதீர்கள்.

புதிதாக வாங்கிய கருவியிலிருந்து முதல் சில மணி நேரங்களுக்கு மெல்லிய பசை வாடையோ வார்னிஷ் வாடையோ வருவது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால் அந்தக் கருவி புதிது என்பதை ஒரு சமாதானமாகக் கொள்ளக்கூடாது.

முட்டை நாற்றம்: இன்வெர்ட்டர், படகு, அவசர விளக்கு

1859-இல் பிரெஞ்சு நாட்டவரான காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய அமில பேட்டரிதான் இன்றும் நம்முடைய இன்வெர்ட்டர்களிலும், விசைப்படகுகளின் எஞ்சினை உயிர்ப்பிக்கும் பெட்டிகளிலும், பழைய வகை சார்ஜ் டார்ச்சுகளிலும் இருக்கிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கின்றன என்பதே அதன் சுருக்கமான அமைப்பு. சார்ஜ் நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே சென்றுகொண்டிருந்தால் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிட்டு வெளியேறும். ஹைட்ரஜனுக்கு மணமே கிடையாது. ஆனால் காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியில் வெடிக்கும். சூடு மிகும்போது அமிலத்திலுள்ள கந்தகம் ஹைட்ரஜனுடன் சேர்ந்து, முன்பு சொன்ன முட்டை நாற்ற வாயுவாகிறது. எனவே முட்டை நாற்றம் மூக்கில் பட்டால், அதனுடன் மணமில்லாத ஹைட்ரஜனும் அறையில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இந்த நாற்றத்தைப் பற்றி இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் திடீரென்று நின்றுபோனால் ஆபத்து நீங்கியதாகப் பொருள் கொள்ளாதீர்கள். தலைவலி, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, மயக்கம் இவற்றுள் எது தோன்றினாலும் உடனே வெளியேறித் திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். முதலில் கதவு சன்னல் அனைத்தையும் திறந்துவிடுங்கள். அந்த அறையில் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். மின்விசிறியைப் போட்டு நாற்றத்தை விரட்ட நினைப்பது பொறிக்கு வழிசெய்வதாகும். குறிப்பாக, நாற்றம் போகட்டும் என்று சாம்பிராணி போடுவதும் ஊதுபத்தி கொளுத்துவதும் நம் வீடுகளில் தன்னிச்சையாக நிகழ்பவை. பேட்டரி இருக்கும் அறையில் அந்த நேரத்தில் நெருப்புக் கங்கு எதுவும் நுழையக்கூடாது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்து, மீட்டர் பெட்டிக்கு அருகே வெளியே இருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். விளக்குகள் உடனே அணையாமல் இன்வெர்ட்டரில் தொடர்ந்து எரியும். அதனால் கலங்க வேண்டாம், சார்ஜ் ஏறுவது நின்றிருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். அரை மணி நேரம் காற்றோட்டம் கிடைத்தபின் உள்ளே சென்று இன்வெர்ட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். பேட்டரியின் முனைகளில் இருக்கும் கிளாம்பை நீங்களே கழற்ற முயலாதீர்கள். கழற்றும் நொடியில் எழும் பொறி பேட்டரியின் வாய்க்கு மிக அருகில் இருக்கும்.

காரணத்தை அறியாமல் மீண்டும் சார்ஜில் போடுவது வீண். பெரும்பாலும் நான் காண்பது ஆறு அறைகளில் ஓர் அறை செத்துப்போன பேட்டரியை. ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகள் உள்ளன; அவற்றுள் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டால், முழு சார்ஜிலும் 10.5 வோல்ட்தான் காட்டும். இன்வெர்ட்டருக்கு இது தெரியாது. அது வழக்கமான 13.8 வோல்ட்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆறு அறைகளும் நன்றாக இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 2.3 வோல்ட் கிடைத்த இடத்தில், இப்போது எஞ்சிய ஐந்துக்கும் 2.76 வோல்ட் கிடைக்கிறது. அந்த ஐந்தும் கொதித்து நாறுகின்றன. இத்தகைய பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. மாற்றியே ஆக வேண்டும். அறைகள் அனைத்தும் நலமாக இருந்தும் நாறினால், சார்ஜ் ஆகும்போது முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநேரம் 15 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கோளாறு இன்வெர்ட்டரின் சார்ஜர் பலகையில் இருக்கிறது. புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் இப்படியே வீணாகும்.

தண்ணீரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததுதான். ஆனாலும் கடையில் தீர்ந்துபோன நாளில் குடிநீர்க் கேனிலிருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. ஒருவர் கிணற்று நீரையே ஊற்றிக் கொண்டுவந்தார். நம் கரையோரக் கிணற்று நீரில் உப்பு இருக்கிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடு தகடுகளை அரிப்பதோடு, சார்ஜ் ஆகும்போது குளோரின் வாயுவாகவும் வெளியேறக்கூடும். இன்வெர்ட்டர் பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தால் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது யார், எதை ஊற்றினார் என்று கேளுங்கள். சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வரும் குடிநீரிலும் கரைந்த உப்பு சிறிதளவு எஞ்சியிருப்பதால் அதுவும் உதவாது.

படகுகளில் இந்த நாற்றம் கூடுதல் ஆபத்து. ஹைட்ரஜன் மேலே எழும்பும்; ஹைட்ரஜன் சல்ஃபைடோ காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும். விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் குனிந்து இறங்குகிறவர் நேராக அதற்குள்தான் இறங்குகிறார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் சார்ஜ் இன்றிக் கிடக்கும் பேட்டரிகளின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடுகிறது. தடை முடியும் வாரத்தில் சம்மாட்டிகள் எனப்படும் படகு உரிமையாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவதால், அந்த பேட்டரிகளை மிகுந்த மின்னோட்டத்தில் ஒரே இரவில் சார்ஜ் ஏற்றுகிறார்கள். சூடேறி நாறுவது அப்போதுதான். தடைக்காலத்திலும் மாதம் ஒருமுறை மெதுவாக சார்ஜ் ஏற்றி வைத்தால் இந்த நெருக்கடியே வராது. எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து, குறைந்தது கால் மணி நேரம் காற்று போக விட்டு, மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே கீழே இறங்க வேண்டும். இறங்கியவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் உடனே குதிக்கக்கூடாது. கயிறு கட்டி, காற்றோட்டம் தந்து, ஆள் கூப்பிட வேண்டும். மனம் கேட்காது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இரண்டு உயிர்கள் போவது இப்படித்தான்.

அமிலம் மேலே பட்டால் ஓடும் நல்ல நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள்; கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். தரையில் சிந்தியதன்மேல் ஆப்பச் சோடாவைத் தூவலாம், நுரை அடங்கியபின் கழுவலாம். அதை உடம்பில் தடவக்கூடாது.

இனிப்பு வாசனை: கைப்பேசி, பவர் பேங்க், மடிக்கணினி

முட்டை நாற்றம் அருவருப்பாக இருப்பதால் யாராவது ஒருவர் எழுந்து பார்ப்பார். லித்தியம் மின்கலம் கசியும்போது வருவதோ பழுத்த பழத்தையும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையும் பெயிண்ட் தின்னரையும் கலந்தாற்போன்ற ஓர் இனிப்பு வாசனை. பலருக்கு அது கெட்ட வாசனையாகவே படாது. கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு மாதங்களாக ஒரு வாசம் வந்ததாகவும், மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அத்தர் குப்பி ஒழுகுகிறது என்று எண்ணித் துணிகளை மட்டும் மாற்றி மடித்து வைத்ததாகவும் என்னிடம் சொன்னார். அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் இருந்தவை, மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் விட்டுச்சென்ற மூன்று பழைய கைப்பேசிகள். அவற்றுள் ஒன்றின் பின்மூடி, உள்ளே இருந்த மின்கலம் உப்பியதால் திறந்துகொண்டு நின்றது. "நல்ல வாசமாத்தானே தம்பி இருந்துச்சு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. வெளிநாட்டு வருமானத்தில் வாழும் நம் கரையோர ஊர்களில் இப்படிப்பட்ட அலமாரிகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் மின்கலத்தை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வகை மின்கலத்துக்குள் எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் போன்ற கரைப்பான்களும், அவற்றில் கரைந்த ஒரு ஃபுளோரின் உப்பும் இருக்கின்றன. அந்த இனிப்பு வாசனை கரைப்பான்களுடையது. அவற்றின் கலவை எளிதில் தீப்பற்றக்கூடியது. ஃபுளோரின் உப்போ ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய வாயுவைத் தருகிறது. காற்றில் எப்போதும் ஈரம் சுமந்திருக்கும் கடற்கரைக்கு இது கூடுதல் எச்சரிக்கை. இனிப்போடு மூக்கைக் குத்தும் காரநெடியும் சேர்ந்துவிட்டால் ஒரு நொடியும் அங்கே நிற்காதீர்கள். கசிந்த திரவம் தோலில் பட்டால், வலி இல்லாவிட்டாலும், நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் சென்று லித்தியம் மின்கலத்தின் திரவம் பட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஃபுளோரைடுப் புண்ணில் வலி பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அதற்கென்று கால்சியம் குளுக்கோனேட் என்ற தனி மருந்து இருப்பதால், காரணம் தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வாசனை மட்டும் வருகிறது, சூடும் புகையும் இல்லை என்றால் நேரம் இருக்கிறது. சார்ஜில் இருந்தால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்குங்கள். கருவியை நிறுத்தி வையுங்கள். இடுக்கியாலோ தடித்த உலர்ந்த துணியாலோ எடுத்து, ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் வைத்து, வெளியே வெறும் மணலிலோ சிமெண்டுத் தரையிலோ நிழலான இடத்தில் வைத்துவிடுங்கள். வெயிலில் வைக்கக்கூடாது. கிடுகுக் கொட்டகை, நைலான் வலைக் குவியல், டீசல் கேன், வைக்கோல் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். காற்று அங்கிருந்து வீட்டுப் பக்கம் வராதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது அன்று முழுவதும் அது அங்கேயே கிடக்கட்டும், குழந்தைகளும் நாய்களும் அணுகாதபடி ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். உப்பிய மின்கலத்தை அமுக்கிச் சமப்படுத்துவதும், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும் தீயை நம் கையால் மூட்டுவதற்கு ஒப்பாகும்.

சீறும் ஒலி கேட்டாலோ, வெண்புகை வந்தாலோ, கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ அதைத் தூக்கவே கூடாது. மின்கலத்தின் உள்ளே தகடுகளைப் பிரித்து வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். அதன்பின் உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். வெண்புகை சாதாரணப் புகைபோல் தெரிந்தாலும் அது தீப்பற்றும் ஆவி. எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101 எண்ணுக்கோ 112 எண்ணுக்கோ அழையுங்கள். கைப்பேசி அளவுள்ள சிறிய கருவி திறந்த வெளியில் எரிந்தால், மின் இணைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காற்று நமக்குப் பின்னாலிருந்து வீசும்படி தள்ளி நின்று, நல்ல நீரை ஏராளமாக ஊற்றிக் குளிரவைக்கலாம். நம் ஊரில் எதற்கும் மணலை அள்ளிப் போடும் பழக்கம் உண்டு. மணல் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் உள்ளிருக்கும் சூட்டைத் தணிக்காது; மணல் மூடிய மின்கலம் அடங்கியதுபோல் இருந்து மறுபடியும் எரியலாம்.

இந்த நிலைக்கு வராமல் காக்க ஒன்றையே வலியுறுத்துவேன். 45 பாகை செல்சியஸுக்கு மேல் லித்தியம் மின்கலத்தை சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, சன்னல் ஓரத்தில், தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடும்போது அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறோம். நாட்டுப்படகில் செல்கிறவர்கள் உப்பு நீர் படக்கூடாது என்று கைப்பேசியையும் பவர் பேங்கையும் ஒரே பாலித்தீன் பையில் கட்டி, உள்ளேயே இணைத்து சார்ஜ் போடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான்; ஆனால் இரண்டின் சூடும் வெளியேற வழியில்லாமல் அந்தப் பைக்குள் அடைபடுகிறது. சார்ஜை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, பையில் வைக்கும்போது இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

மீன் கவிச்சியும் பொசுங்கலும்

இதை நம் கரைக்கென்றே எழுத வேண்டியிருக்கிறது. சார்ஜர்களிலும் பிளக்குகளிலும் சுவிட்சுகளிலும் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகளும் பிசின்களும் அளவுமீறிச் சூடாகும்போது மீன் கவிச்சியைப் போன்ற வாடையைத் தருகின்றன. வேறு ஊரில் ஒரு வீட்டில் காரணமின்றி மீன் வாடை வந்தால் வியந்து தேடுவார்கள். நம் வீட்டில் அடுப்படியில் மீன் இருக்கும், கொல்லையில் கருவாடு காயும்; யாருக்கு ஐயம் எழும்? என் வீட்டிலேயே ஒரு வாரம் இப்படிக் கழிந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு மலிவான சார்ஜரின் வாடையை, கழுவாத மீன் சட்டியின் வாடை என்று எண்ணி என் மனைவி சட்டிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சுவர் கருகியபின்தான் தெரிந்தது. மீன் வாங்காத நாளில், சட்டி கழுவியபின், சுவர் ஓரத்தில் அல்லது மின்பலகைக்கு அருகில் கவிச்சி நின்றால், அந்தப் பலகைக்குச் செல்லும் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சார்ஜ் குத்தும் துளையிலிருந்து வரும் பொசுங்கல் வாடைக்கு நம் ஊரில் பெரும்பாலும் உப்புக் காற்றே காரணம். பின்களில் பச்சைக் களிம்பு படிந்து தடை கூடி, அந்த இடம் மட்டும் சூடாகிறது. மின்கலம் நலமாகவே இருக்கும். துளையை ஊசியால் கிளறாமல், கருவியை அணைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம், வயரை மாற்றிவிடுங்கள். ரேடியோ, பழைய கேமரா, பொம்மை ஆகியவற்றில் போடும் 1.2 வோல்ட் நிக்கல் வகை மின்கலங்களுக்கு அநேகமாக வாடையே கிடையாது. அவை கசிந்தால் வெள்ளைப் பொடி பூக்கும்; அது காரத்தன்மை கொண்டதால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

கடல்நீர் பட்ட கருவிகள்

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது தாழ்வான வீடுகளுக்குள் புகுந்த நீரையும், கடலில் தவறி விழும் கைப்பேசிகளையும் ஒன்றாகக் கருதக்கூடாது. மழைநீர் காய்ந்தால் போய்விடும். கடல்நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் உறிஞ்சி, மின்கலத்தின் இரு முனைகளுக்கும் இடையே பாலம் போடுகிறது. 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள், நீர் வடிந்து பல நாட்கள் கழித்துத் தீப்பிடித்ததற்கு இதுவே காரணம். கைப்பேசியை அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கத்தால் பயனில்லை. அரிசி ஈரத்தைச் சிறிது எடுத்தாலும் எடுக்கலாம், உப்பை எடுக்காது.

கடல்நீரில் நனைந்த கருவியில் பிளீச்சிங் பவுடர் நெடி வந்தால், உப்பு நீர் மின்சாரத்தால் பிரிந்து குளோரின் உருவாகிறது என்று பொருள். மின்கலம் இன்னும் உயிரோடு இருந்து, தவறான வழியில் மின்சாரத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது. அதை சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே, நிழலில், எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மறுநாளே பழுதுபார்ப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். மின்சார ஸ்கூட்டர் மூழ்கியிருந்தால் வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழோ நிறுத்தாமல் தெருவில் தள்ளி நிறுத்தி, விற்ற நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்கும்வரை சார்ஜ் செய்யாதீர்கள்.

நடுக்கடலில்

கரையில் வெளியே ஓடிவிடலாம். கடலில் ஓட இடமில்லை. பவர் பேங்கோ தலையில் கட்டும் லைட்டோ கையடக்க ஜிபிஎஸ் கருவியோ இனிப்பு வாசனை விடத் தொடங்கினால், உடனே டீசலையும் வலையையும் விட்டு விலக்கி, இரும்பு வாளியில் போட்டு, காற்று படகைவிட்டு வெளியேறும் பக்கத்து ஓரத்தில், அதாவது புகை படகின்மேல் வராமல் கடல் பக்கம் போகும்படியாக, வையுங்கள். புகையத் தொடங்கியிருந்தால் கையால் எடுக்காமல் நீண்ட கழியால் தள்ளுங்கள். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் கடலில் தள்ளிவிடுவதைத் தவிர வழியில்லை என்றால் தள்ளிவிடலாம். மற்ற நேரங்களில் பவளப்பாறைகளுக்குப் பேர்பெற்ற மன்னார் வளைகுடாவில் ஒரு சிறு மின்கலத்தையும் போடாதீர்கள். தீ கைமீறினால் விஎச்எஃப் வானொலிக் கருவியின் 16-ஆவது அலைவரிசையிலும், கைப்பேசி எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

கெட்டுப்போனதை ஒப்படைத்தல்

குப்பைத்தொட்டியில் போட்ட மின்கலம் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. ஓலையோடு சேர்த்துக் கொல்லையில் எரித்தால் வெடிக்கிறது. 2022 ஆகஸ்ட் மாதம் வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரியை எடைக்கு விலை போட்டு பேட்டரிக் கடைக்காரரே எடுத்துக்கொள்வார்; அமிலத்தைக் கொட்டி ஈயத்தை உருக்கும் ஆட்களுக்கு விற்காதீர்கள், அந்த ஈயப்புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

லித்தியம் மின்கலத்தின் உலோக முனைகளை முதலில் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டுங்கள். பிறகு ஒரு பிஸ்கட் டின்னில் உலர்ந்த ஆற்றுமணலைப் பரப்பி அதன் நடுவே வையுங்கள். கடற்கரை மணல் கைக்கு எளிதாகக் கிடைத்தாலும் அதில் உப்பும் ஈரமும் இருப்பதால் இந்த வேலைக்கு ஆகாது. டின்னின் மூடியை இறுக்காமல் மேலே வைத்தால் போதும், வாயு வெளியேற இடம் வேண்டும். உப்பியதையோ கசிவதையோ பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே எடுத்துச் செல்லாமல், கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டு, திறந்த வண்டியில் கொண்டு செல்லுங்கள். எந்த நாளில் என்ன வாடை வந்தது, சார்ஜில் இருந்தபோதா சும்மா இருந்தபோதா, கடல்நீர் பட்டதா என்பதை ஒரு தாளில் எழுதி அந்த டின்னின் மேல் ஒட்டிக் கொடுங்கள். அதைத் திறக்கப் போகிறவர் எந்தக் கையுறையை அணிய வேண்டும், எங்கே வைத்துத் திறக்க வேண்டும் என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.